எண்ணும் பெயரும்: டர்பன் இரவுப் பந்தய நாட்குறிப்பு

முதல் நாள், வியாழக்கிழமை

ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் மாறி, டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. நிலையம் நகரத்திற்கு வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது; வழியில் இன்னும் கரும்பு நிற்கிறது. மார்ச் மாதத்துக் கடற்கரைப் புழுக்கம் சென்னைக்காரனுக்குப் புதிதன்று. ஆனால் குளிரூட்டிய காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்தவுடன் லென்ஸ் முழுவதும் ஆவி படர்ந்து, கால் மணி நேரம் ஒரு படமும் எடுக்க முடியாமல் போயிற்று. சனிக்கிழமை பையைத் திறக்காமலே வெளிச் சூட்டில் வைத்திருந்து, பிறகுதான் கேமராவை எடுக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

சில ஆண்டுகளாகச் சைக்கிள் பந்தயங்களைப் படமெடுத்து வருகிறேன். டர்பனில் நகரத் தெருக்களிலேயே, இரவில், ஃபிக்ஸட் கியர் சைக்கிள்களுக்கென்று ஒரு சிறு பந்தயம் நடக்கிறது என்றும், அதை முன்னின்று நடத்துகிறவர்கள் பட்டறைக்காரர்களும் ஓவியர்களும் சட்டைக்கு அச்சுப் போடுகிறவர்களும் என்றும் கேள்விப்பட்டே கிளம்பி வந்தேன். பந்தயத்தில் ஓட்டும் இளைஞன் ஒருவன், டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் தன் தாத்தா வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தான். அவனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. என்னை ‘அங்கிள்’ என்று அழைக்கிறான். தாத்தாவும் ஆயாவும் எண்பதைத் தாண்டியவர்கள், இருவருமே தமிழ் பேசுகிறார்கள். இருவர் பேச்சிலும் வட ஆற்காட்டு வாடை இன்னும் போகவில்லை. வாசலிலேயே ஆயா, “வா கண்ணு, கை கால் கழுவிட்டு மொதல்ல சாப்பிடு, சைக்கிள் எங்கயும் ஓடிப்போவாது” என்றார்.

இந்தக் குறிப்புகளில் எவருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. பந்தயத்தில் ஓட்டுகிறவர்களில் சிலர் பள்ளி மாணவர்கள், பெரியவர்களிடமும் நான் இன்னும் அனுமதி கேட்கவில்லை.

கூடத்துச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட ஒரு காகிதம் தொங்குகிறது. தாத்தாவின் தாத்தா கப்பலில் வந்து இறங்கியபோது எழுதப்பட்ட பதிவின் நகல் அது. 1860 முதல் 1911 வரை டர்பனை உள்ளடக்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட 1,52,184 பேரில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. இப்படி எண் போட்டு மனிதரைக் கணக்கு வைத்ததைப் பற்றிக் கோபமாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். தாத்தா கையமர்த்தினார். “நம்பரு இருந்ததாலதான் தம்பி பேரு கெடைச்சுது. ஊர்ல அவரு பேரு என்னான்னு எங்க அப்பாவுக்கே தெரியாது. பழைய ரசீதுல நம்பரு இருந்துச்சு, அதைக் கொண்டுபோய்ப் பட்டியல்ல பார்த்தோம், பேரு வந்துச்சு.”

அதற்குப் பதில் சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. இரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை

கடற்கரைக்கும் நகர மையத்துக்கும் இடையில், பழைய கிடங்குகள் நெருங்கி நிற்கும் பகுதியை ரிவர்டவுன் என்கிறார்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அக்கிடங்குகளில் பல, வடிவமைப்பாளர்களும் இசைக்காரர்களும் கைவினைஞர்களும் வேலை செய்யும் இடங்களாக மாறியிருக்கின்றன. பந்தயத்தின் பிறப்பிடமும் அப்படிப்பட்ட ஒரு கூடம்தான். உள்ளே ஒரு மூலையில் முன்பு வீட்டுக் கதவுகளுக்குக் கிரில் அடித்துக்கொண்டிருந்தவர் இப்போது சைக்கிள் சட்டங்களைப் பற்றவைக்கிறார். நடுவில் ஒரு பெண் துணியில் அச்சுப் போடும் சட்டங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நாளைய சுவரொட்டி அவருடையது, இரண்டே நிறம், மஞ்சளும் கருப்பும். வாசலை ஒட்டி ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஸ்டிக்கர்காரரிடம்தான் நான் அதிக நேரம் இருந்தேன். அவருடைய அன்றாடப் பிழைப்பு மினிபஸ் டாக்ஸிகளுக்கு அலங்காரம் செய்வது. டர்பனின் டாக்ஸிகளைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம்: பின்கண்ணாடி முதல் பம்பர் வரை எழுத்தும் தீயும் நட்சத்திரமுமாக, தூரத்திலேயே எந்த ஓட்டுநருடைய வண்டி என்று தெரியும்படி ஓடுகின்றன. அதே கத்தி, அதே வினைல் தாள் கொண்டு பந்தயச் சைக்கிள்களுக்கு எண் வெட்டுகிறார். எண்களை அவரே கையால் வரைந்திருக்கிறார். 2 என்னும் எண்ணின் வால் தரையில் உரசுவதுபோல் நீண்டிருக்கிறது, 7 முன்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. வெட்டிய தாளில் வேண்டாத பகுதியை ஊசி முனையால் தூக்கி உரித்து, எண்ணை மட்டும் நிறுத்தி, பிளாஸ்டிக் தகட்டால் காற்றுக் குமிழைத் தள்ளித் தள்ளி ஒட்டுகிறார். ஒவ்வொன்றை எடுத்து வைக்கும்போதும் வாய்க்குள் எண்ணுகிறார். அருகில் போய்க் கேட்டேன்: “ஒண்ணு, ரெண்டு, மூணு…” பத்து வரை தமிழில் வந்து, அடுத்தது ‘லெவன்’ என்று ஆங்கிலத்திற்குத் தாவியது. பாட்டி வடை தட்டும்போது எண்ணச் சொல்லித் தந்தது பத்து வரைதானாம். அவருடைய தமிழ் அந்தப் பத்துச் சொற்கள்தான். நான் பதினொன்று, பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டே போக, அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருபத்தாறு வரை ஒட்டி முடித்தார். நாளை ஓடும் சைக்கிள்கள் இருபத்தாறு.

இவ்வகைச் சைக்கிளைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். பின்சக்கரத்தில் ஃபிரீவீல் கிடையாது. சக்கரம் உருளும் மட்டும் பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலை நிறுத்தி வைத்து இறக்கத்தில் சும்மா உருண்டு போக இயலாது. பிரேக்கும் இல்லை. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சுற்றும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்தியாக வேண்டும். சாதாரணச் சைக்கிளில் வளைவில் சாயும்போது உள்பக்கப் பெடலை மேலே தூக்கி நிறுத்திக்கொள்வோம். இதில் அதற்கும் வழியில்லை. அளவுக்கு மீறிச் சாய்ந்தால் பெடல் தார்ச் சாலையைத் தட்டி, பின்சக்கரம் தூக்கி எறியப்படும். ஆகவே வளைவில் யார் எவ்வளவு சாய்கிறார் என்பதுதான் இந்தப் பந்தயத்தின் உயிர், படமெடுக்கிறவன் நிற்க வேண்டிய இடமும் அதுவே. தபால்பை சுமந்த நகரத் தூதர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட போட்டிகளுக்கு 1989இல் டொரோண்டோவில் ‘அலிகேட்’ என்ற பெயர் கிடைத்தது. 2008இல் நியூயார்க்கின் புரூக்ளினில் டேவிட் டிரிம்பிள் தொடங்கிய ரெட் ஹுக் கிரைட்டீரியம் இவ்வகைச் சைக்கிளைத் தடுப்புக் கட்டிய தெருவுக்குள் கொண்டுவந்து உலகெங்கும் பரப்பியது. 2018க்குப் பிறகு அது நடக்கவில்லை. அது விட்டுச்சென்ற ஆசை மட்டும் இப்படிப் பல ஊர்களில் சிறு சிறு கூடங்களில் தங்கியிருக்கிறது.

மாலையில் எல்லோரும் கடற்கரை நடைபாதையில் சைக்கிள் ஓட்டினார்கள். நான் ஓரிடத்தில் நின்று ஃபிளாஷ் வைத்துச் சோதனை செய்தேன். இரண்டாவது படத்திலேயே ஒரு பெண் கையை உயர்த்தி நிறுத்தி, இறங்கி வந்து, “கண் கூசி அடுத்த மூன்று வினாடி ஒன்றும் தெரியவில்லை, நாளை வளைவில் இதைச் செய்தால் யாராவது விழுவார்கள்” என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். மன்னிப்புக் கேட்டு ஃபிளாஷைக் கழற்றிப் பையின் அடியில் போட்டேன். நாளை தெருவிளக்கே போதுமானதாக இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, நள்ளிரவுக்குப் பின்

பந்தயம் துறைமுக வாயிலை ஒட்டிய பாயிண்ட் பகுதியில் நடந்தது. சுற்று 900 மீட்டர், வளைவுகள் ஐந்து, மொத்தம் இருபத்து நான்கு சுற்றுகள். மாலை ஐந்து மணிக்கே போய்விட்டோம். தாத்தா தானும் வருவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால் மடக்கு நாற்காலியும் ஒரு ஃபிளாஸ்க் டீயும் கூட வந்தன. மூன்றாம் வளைவில், தடுப்புக்குப் பின்னால், அவரும் நானும் இடம் பிடித்தோம்.

அங்கே உட்கார்ந்துகொண்டுதான் அவர் தன் கதையைச் சொன்னார். இங்கிருந்து சில கிலோமீட்டரில், சோம்ட்சூ சாலையை ஒட்டி, மாநகராட்சித் தொழிலாளர்களுக்கான மேகசின் பாரக்ஸ் என்ற குடியிருப்பு இருந்தது. பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்த இடம். அவர் பிறந்து வளர்ந்தது அங்கேதான். கடைக்குச் சாமான் கொண்டுபோய்ப் போடும் சைக்கிளில் வேலை பார்த்த பையன்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் முன்கூடையைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயம் விட்டார்களாம். 1960களில் பாரக்ஸைக் காலி செய்து, குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அதோடு கூட்டு கலைந்தது. “ஆளுக்கொரு யூனிட்டு, பஸ் பிடிச்சுத்தான் சிநேகிதனைப் பாக்கணும், அப்புறம் எங்க சைக்கிள் விடுறது” என்றார்.

ஏழு மணிக்கு விசில் ஊதப்பட்டது.

முதல் மூன்று சுற்றுகள் எனக்குக் கைகூடவில்லை. வேகமான ஷட்டரில் எடுத்த படங்களில் பாதி இருண்டு, சிலவற்றில் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழுந்திருந்தது. இங்கும் நம் நாட்டைப் போல மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தெருவிளக்கு நொடிக்கு நூறு முறை மினுங்குகிறது, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு திறந்திருந்தால் இரண்டு மினுங்கல்கள் முழுதாக அதற்குள் அடங்கி, படத்திற்குப் படம் வெளிச்சம் மாறாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் அந்த ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் 22 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். ஆகையால் கேமராவும் அதே வேகத்தில் அவரோடு திரும்ப வேண்டும். பேனிங் என்று நாம் சொல்வது இதைத்தான். இடுப்பைத் திருப்பி, மூச்சை அடக்கி, ஓட்டுகிறவரின் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு, அவர் கடந்து போன பிறகும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாம் சுற்றில் உடம்பு அதைப் பிடித்துக்கொண்டது. முகம் தெளிவாகவும், பின்னாலிருந்த விளக்குகள் மஞ்சள் கோடுகளாகவும் வரத் தொடங்கின.

வளைவின் சத்தத்தைப் படம் பிடிக்க முடிவதில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு குறை. இருபத்தாறு சங்கிலிகள் ஒரே சீராக இரைந்துகொண்டு வரும். வளைவுக்குச் சற்று முன்னால் அந்த இரைச்சல் ஒரு கணம் தடித்துக் கனக்கும், எல்லோரும் ஒருசேரப் பெடலை எதிர்த்து அழுத்துவதன் ஒலி அது. அதன்பின் வரும் அமைதியில் டயர் தாரை உரசும் சத்தம் மட்டும் கேட்கும். தடுப்போரம் நின்றவர்கள் ஜூலு மொழியில் ‘ஷேஷா, ஷேஷா’ என்று கத்துவார்கள், விரைந்து போ என்று பொருள். நிக் ட்லாமினி 2021இல் டூர் டி பிரான்ஸில் ஓட்டிய முதல் கறுப்பினத் தென்னாப்பிரிக்கர் ஆனதிலிருந்து இந்தப் பையன்கள் எல்லோருக்கும் கண்ணில் அந்தக் கனவு இருப்பதாகத் தாத்தாவின் பேரன் சொல்லியிருந்தான். அவன் எண் 9. அவன் கடக்கும்போதெல்லாம் தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

பதினான்காம் சுற்றில் மழை வந்தது. பெரிய மழையன்று, சாலையைக் கண்ணாடி ஆக்கும் அளவுக்கு. முன்னணியில் இருந்த ஐவர் வெகுதூரம் போய்விட்டார்கள். கடைசியில் தனியாக வந்துகொண்டிருந்தவன் எண் 17. ஒரு முழுச் சுற்று பின்தங்கியவர்களை விலக்கிவிடுவது இவ்வகைப் பந்தயங்களின் பொது வழக்கம். அவனை விலக்கக் கொடியோடு ஒருவர் அடுத்த வளைவில் ஏறி நிற்பதை நான் பார்த்தேன், அவன் இன்னும் பார்க்கவில்லை. எவரும் பின்னால் இல்லாத அந்த வளைவில், முதலிடத்திற்குப் போட்டியிடுகிறவனைப்போலவே, உள்பக்க முழங்காலை அடக்கி, தாடையை ஹேண்டில்பாருக்குத் தாழ்த்திச் சாய்ந்து வந்தான். ஈரத் தரையில் அவனுடைய சக்கரமும் அதன் நிழலும் ஒன்றையொன்று தொட்டன. ஷட்டரை அழுத்தியபோதே இந்த இரவின் படம் இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பேரன் ஏழாவதாக வந்தான். முடிவிடத்தில் ஆளுக்காள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள், யாரோ பன்னி சௌ, அதாவது உள்ளே குடைந்து கறி நிரப்பிய ரொட்டி, கொண்டுவந்து பிய்த்துக் கொடுத்தார்கள். நான் 17ஐத் தேடினேன். விலக்கப்பட்டவுடன் அவன் நிற்காமல் அப்படியே போய்விட்டான் என்றார்கள். நேரம் குறிக்கும் மேசையில் பெயர்ப் பட்டியலைக் கேட்டபோது, அங்கே இருந்த பெண் எடுத்துக் காட்டினார். வீட்டுப் பிரிண்டரில் எடுத்த தாள், மழையில் நனைந்து, எழுத்தெல்லாம் நீல மையாக ஓடியிருந்தது. எண்கள் தடித்த எழுத்தில் இருந்ததால் தப்பித்தன. பெயர்கள் இல்லை.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை

காலையில் ஆயா கொடுத்த பீன்ஸ் கறியும் ரொட்டியும் முடிந்ததும், சாப்பாட்டு மேசையைத் துடைத்து, நகரில் ஒரு கடையில் எடுத்து வந்த படங்களைப் பரப்பினோம். ஓட்டிய இருபத்தாறு பேருக்கும் ஆளுக்கொரு படம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் திட்டம். பின்புறத்தில் பெயர் எழுதாமல் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. பேரன் தலைக்கவசத்தையும் உட்காரும் தோரணையையும் வைத்தே பதினெட்டுப் பேரைச் சொன்னான். ஸ்டிக்கர்காரரை அழைத்து மேலும் ஏழு பேர். எண் 17 மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கடைசி நேரத்தில் பணம் கட்டிப் பதிந்தவன், உம்லாசியிலிருந்து வந்ததாகச் சொன்னான், அவ்வளவுதான்.

தாத்தா எழுந்து போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். அதிலிருந்த படத்தை நான் இன்னும் கண்ணெதிரே வைத்திருப்பதுபோல் சொல்ல முடியும். அஞ்சலட்டை அளவு, ஓரம் பல்பல்லாக வெட்டியது. ஒன்பது பையன்கள் சைக்கிளில் வருகிறார்கள், மூன்றாவது தாத்தா. முகங்கள் பாதி மங்கல். ஆனால் எல்லாச் சக்கரத்திலும் தரையைத் தொடும் இடத்து ஸ்போக்ஸ் மட்டும் கம்பி கம்பியாகத் தெளிவாக இருக்கிறது. உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. மேல்விளிம்போ சைக்கிளைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. ஆகவே எடுத்தவர் கேமராவைத் திருப்பாமல், நின்ற இடத்தில் நின்று எடுத்திருக்கிறார். என் படங்களில் இருப்பதற்கு நேர் எதிர். அறுபது ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் புகைப்படக்காரர் எங்கே நின்றார், எப்படி நின்றார் என்பதை ஒரு ஸ்போக்ஸ் சொல்லிவிடுகிறது. திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் ஸ்டுடியோக்காரர் போட்ட நெகட்டிவ் எண் மட்டும் இருக்கிறது. அதன் பட்டியல் எங்கே போயிற்றோ.

இதே நகரத்தின் தென்புறமான இசிபிங்கோவில் 1925இல் பிறந்து, செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பின்னர் டிரம் இதழுக்காக இந்த மக்களின் வாழ்க்கையைப் படமெடுத்த ரஞ்சித் கல்லியை நான் வெகுநாளாக மதிக்கிறேன். அப்படி ஒருவர் எடுத்து அச்சில் வந்த படங்களுக்கு இதழ்க் கோப்பாவது சாட்சி. பிஸ்கட் டப்பாக்களில் கிடக்கும் படங்களுக்கு எண்பது வயதைத் தாண்டிய இரண்டு கண்கள்தான் சாட்சி.

தாத்தா விரல் வைத்து ஒவ்வொருவராகச் சொன்னார். நான் பென்சிலால் பின்புறத்தில், முகம் இருக்கும் இடத்திற்கு நேர்ப்பின்னால், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். ஏழு பெயர்கள் வந்தன. ஐந்தாவதும் ஒன்பதாவதும் வரவில்லை. ஆயா அடுப்படியிலிருந்து, “அஞ்சாவது ஆளு பால்கார வீட்டுப் பையன் இல்ல?” என்றார். தாத்தா நீண்ட நேரம் பார்த்தார். “பால்கார வீடுதான். பேரு வரமாட்டேங்குது.” அப்படியே எழுதிக்கொண்டேன்: பால்கார வீட்டுப் பையன்.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை

விமானம் இரவில்தான். படங்களை ரிவர்டவுன் கூடத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். புதிய நோட்டு ஒன்று வாங்கி, எண்ணும் பெயரும் நீர்ப்படாத மையால் எழுதி, அதை மேசையில் கட்டி வைத்தார் அச்சுப் போடும் பெண். அடுத்த பந்தயங்களுக்கும் அதே நோட்டுதான் என்றார்.

எண் 17ஐக் கண்டுபிடித்தது ஸ்டிக்கர்காரரின் தொழில். வார்விக் சந்திப்பில் உம்லாசி டாக்ஸிகள் நிற்கும் இடத்தில் பாதி வண்டிகளுக்கு அவர்தான் ஸ்டிக்கர் ஒட்டியவர். படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு ஓட்டுநரிடமும் காட்டினார். நான் கூடவே போனேன். ஆறாவது வண்டியில் இருந்தவர் சைக்கிளைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பச்சைச் சட்டத்தை இழுத்துக்கொண்டு பையன் ஒருநாள் தன் வண்டியிலேயே ஏறப் பார்த்தானாம். பகல் இரண்டு மணிக்கு அவனே வந்து நின்றான். பத்தொன்பது வயது. சாட்ஸ்வொர்த்துக்கும் உம்லாசிக்கும் நடுவில் ஓர் ஆறுதான் ஓடுகிறது. தாத்தா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் மலைச்சரிவில் இருக்கிறது அவன் வீடு.

படத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தான். கொடியைத் தான் அப்போது பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னான். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு பெயர் கேட்டேன். நாவை அண்ணத்தில் ஒட்டிப் பட்டென்று விடுவிக்கும் ஜூலு ஒலியில் தொடங்கியது அது. இரண்டு முறை சொல்லியும் என் வாய்க்கு வரவில்லை, நம் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தில் அதற்கு எழுத்தும் இல்லை. பென்சிலை அவனிடமே நீட்டினேன். படத்தைச் சுவரில் கவிழ்த்து வைத்து, அழுத்தி அழுத்தி எழுதினான். திருப்பியபோது, எழுத்துகளின் தடம் முன்பக்கத்தில், ஈரச் சாலையின் மேல், சன்னமாகப் புடைத்துத் தெரிந்தது.